குளோரின் 3 காட்டுகிறது, குளம் மட்டும் பச்சையாகிக்கொண்டே போகிறது

கோவை_நீச்சல்
வணக்கம். கோவைக்கு வெளியே கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் நீச்சல் குளம் நடத்துகிறோம். 25க்கு 10 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர், ஆக 3 லட்சம் லிட்டர். மேலே கூரை இல்லை, முழுக்க போர் தண்ணீர். தினமும் சாயங்காலம் டி.சி.சி.ஏ. 90 என்னும் குளோரின் குருணை ஒரு கிலோ போடுகிறோம். காலையில் பார்த்தால் குளோரின் 3, பி.எச். 7.4, எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் வெயில் ஏறியதிலிருந்து சுவரோரம் வழுவழுப்பு, ஏணிக்குப் பின்னால் பச்சை, மதியத்துக்குள் தண்ணீர் மங்கிவிடுகிறது. பாசிக்கொல்லி ஊற்றினால் நாலைந்து நாள் தாக்குப் பிடிக்கும், அப்புறம் பழைய கதை. மருந்து சப்ளை செய்பவர் இரண்டு மடங்கு ஊற்றச் சொல்கிறார். பெற்றோர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்துவிட்டார்கள். கோடைக்கால வகுப்பு தொடங்கும் நேரம், என்ன செய்யலாம்?

பழையகை
தம்பி, மயில்துத்தம் போடு. நாங்கள் எல்லாம் அந்தக் காலத்திலிருந்து அதைத்தான் போடுகிறோம், பாசி எட்டிப் பார்க்காது. இந்த டப்பா மருந்தெல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

ஃபில்டர்ரூம்
ஐயா சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன். கோவை_நீச்சல், மூன்று கேள்வி. எந்த கிட்டில் குளோரின் பார்க்கிறீர்கள், மஞ்சள் நிறம் வருவதா, ரோஸ் நிறம் வருவதா? ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், எப்போதாவது அளந்ததுண்டா? கடைசியாகக் குளத்துத் தண்ணீரைப் பாதிக்கு மேல் மாற்றியது எப்போது?

நான் ஈ.சி.ஆர். பக்கம் ஹோட்டல் குளங்கள் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்கிற அறிகுறிக்குப் பத்தில் எட்டு இடத்தில் ஒரே காரணம்தான், ஆனால் அளக்காமல் சொல்ல மாட்டேன்.

கோவை_நீச்சல்
மஞ்சள் நிறம் வரும் கிட்தான் அண்ணா, குளம் கட்டும்போது கொடுத்தது. ஸ்டெபிலைசர் நாங்கள் தனியாகப் போடுவதே இல்லை, அதனால் அளந்ததும் இல்லை. தண்ணீர் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, குறைவதை மட்டும் நிரப்புகிறோம்.

ஃபில்டர்ரூம்
அதுதான். தனியாகப் போட வேண்டியதே இல்லை, நீங்கள் போடும் டி.சி.சி.ஏ.வுக்குள்ளேயே அது இருக்கிறது. பேரிலேயே சயனூரிக் இருக்கிறதே, ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்.

கணக்கு இது. டி.சி.சி.ஏ. மூலம் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் சேர்த்தால் கூடவே 6 பி.பி.எம். ஸ்டெபிலைசர் சேரும். உங்கள் 3 லட்சம் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது சுமாராக 3 பி.பி.எம். குளோரின். அப்படியானால் தினமும் 1.8 பி.பி.எம். ஸ்டெபிலைசர், மாதத்துக்கு 54. குளோரின் வேலை செய்து காலியாகிவிடும், வெயிலில் சிதைந்து போகும். ஸ்டெபிலைசர் போகவே போகாது. ஃபில்டரில் பிடிபடாது, ஆவியாகாது. பேக்வாஷில், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு ஃபில்டரைக் கழுவும்போது, வெளியேறுவதும் பிள்ளைகள் குதிக்கும்போது சிதறுவதும்தான் கழிவு. ஒரு வருடமாக இப்படி ஓடிய குளத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டு சோதனை வாங்குங்கள். ஒன்று, ரோஸ் நிறம் வரும் டி.பி.டி. கிட். மஞ்சள் நிற ஓ.டி.ஓ. கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினையும் சேர்த்துக் காட்டும். பாசியைக் கொல்வது சுதந்திரக் குளோரின், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கறுப்புப் புள்ளி மறையும் குழாய் வைத்துச் செய்யும் ஸ்டெபிலைசர் சோதனை. அது 100 வரைதான் சரியாகக் காட்டும், அதற்கு மேல் என்று சந்தேகம் இருந்தால் குளத்துத் தண்ணீரில் பாதிக்குப் பாதி சாதாரணத் தண்ணீர் கலந்து சோதித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள்.

லேப்பெஞ்ச்
வேதியியல் வாத்தியார், குளம் நடத்துபவன் அல்ல, ஆனால் இந்த இடத்தில் ஒரு விஷயம் சேர்க்கலாம். ஸ்டெபிலைசர் கெட்டது இல்லை. அது இல்லாத திறந்த குளத்தில் நடுப்பகல் வெயில் அரை மணி, முக்கால் மணிக்குள் குளோரினில் பாதியைத் தின்றுவிடும். ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அதனால்தான் வெயிலில் நிற்கிறது. பிரச்சினை அளவில். 30லிருந்து 50 வரை இருந்தால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் குளோரினில் பெரும்பங்கு அதனிடமே மாட்டிக்கொண்டு கிடக்கும். கிட்டோ அதையும் சேர்த்து 3 என்று காட்டும். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் முடக்கி வைத்திருக்கிறார்கள் என்பது மாதிரி.

பாசி வராமல் இருக்க சுதந்திரக் குளோரின் ஸ்டெபிலைசரில் குறைந்தது 7.5% இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் பலரும் வைத்திருக்கும் விதி. ஸ்டெபிலைசர் 40 என்றால் 3 போதும். 200 என்றால் 15 வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. குளோரினுக்குச் சொல்லும் குறைந்த அளவிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது: ஸ்டெபிலைசர் இல்லையென்றால் 1 பி.பி.எம்., இருந்தால் 2.

கோவை_நீச்சல்
கிட் வந்தது. ரோஸ் கிட்டில் சுதந்திரக் குளோரின் 2, மொத்தம் 3. ஸ்டெபிலைசரைப் பாதிக்குப் பாதி கலந்து பார்த்தேன், 90 காட்டியது. அப்படியென்றால் 180ஆ? காரத்தன்மை 100, பி.எச். 7.4.

ஃபில்டர்ரூம்
180தான். 7.5% கணக்குப்படி உங்களுக்குக் குறைந்தது 13.5 குளோரின் வேண்டும், இருப்பது 2. பச்சை வராமல் என்ன செய்யும்? ஷாக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பாசியைக் கொன்று முடிக்க ஸ்டெபிலைசரில் 40% அளவுக்குக் குளோரின் ஏற்ற வேண்டும், உங்களுக்கு அது 72 பி.பி.எம். நடக்கிற காரியமா? தண்ணீரை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை.

நாலாவதுமாடி
அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் குளத்தைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில். இந்த வெயிலில் தண்ணீரை மாற்று என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறீர்களே சார், குடிக்கவே லாரி பிடிக்கிறோம். அந்த அமிலத்தைத் தின்னும் மருந்து ஒன்று வருகிறதாமே?

ஃபில்டர்ரூம்
பாக்டீரியா வைத்து வருவது உண்டு. நான் இரண்டு குளத்தில் போட்டுப் பார்த்தேன், அந்தப் பணத்துக்கு லாரித் தண்ணீரே வாங்கியிருக்கலாம். மற்றவர்களுக்குப் பலித்திருந்தால் சொல்லட்டும்.

தண்ணீர் கவலை நியாயம்தான், அதனால்தான் எப்படி மாற்றுகிறோம் என்பது முக்கியம். 180ஐ 45க்குக் கொண்டுவர முக்கால்வாசி மாற்ற வேண்டும். பலர் பயந்துகொண்டு பாதி இறக்கி நிரப்பி, மறுபடி பாதி இறக்கி நிரப்புவார்கள். முடிவில் அதே 45தான் வரும், ஆனால் 3 லட்சம் லிட்டர் செலவாகியிருக்கும், 12,000 லிட்டர் லாரியில் 25 நடை. ஒரே தடவையில் முக்கால்வாசி இறக்கினால் 2.25 லட்சம் லிட்டர், 19 நடையில் முடிந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நிரப்புவது இருப்பதிலேயே வீணான வழி, நல்ல தண்ணீரும் சேர்ந்தே வெளியே போகும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் கடற்கரைப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் கீழிருந்து வரும் அழுத்தத்தில் தரை வெடிக்கும், குளமே மேலே தூக்கும். கோவையில் கோடையில் அந்த பயம் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் பக்கத்துக் கிணற்றில் மட்டத்தைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். முழுக்கக் காலி செய்யாதீர்கள், சாயங்காலமாக ஆரம்பியுங்கள். காய்ந்த டைல்ஸ் மேல் மதிய வெயில் விழுந்தால் பெயர்ந்துகொண்டு வரும். குளோரின் போடுவதை நிறுத்தி, அது இறங்கிய பிறகு வெளியே விடுங்கள்.

பழையகை
எல்லாம் கணக்குப் போட்டு முடித்தீர்கள். மயில்துத்தத்துக்குப் பதில் வரவில்லையே?

லேப்பெஞ்ச்
ஐயா, மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் பாசியைக் கொல்லும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவும் ஸ்டெபிலைசர் மாதிரி தண்ணீரிலேயே தங்கிவிடும், போடப் போடக் கூடும். பி.எச். ஏறினால் படிந்து சுவரில் நீலப்பச்சையாகவும் கறுப்பாகவும் கறை விழும், வெளிர் முடி இருப்பவர்களுக்கு முடி பச்சையாகும். அப்புறம், கட்டணம் வாங்கும் குளத்தில் பாசி மட்டும் பிரச்சினை இல்லை, ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கிருமி போகாமல் இருக்க வேண்டும். கிருமியைக் குளோரின் மாதிரி வேகமாகத் தாமிரம் கொல்லாது. பாசி இல்லாத, தெளிவான, ஆனால் குளோரின் இல்லாத தண்ணீர்தான் எனக்குப் பச்சைத் தண்ணீரைவிட பயம். பச்சையைப் பார்த்தால் யாரும் இறங்க மாட்டார்கள்.

பழையகை
சரி, குளோரின் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன். ஒன்று கேட்கிறேன், இவ்வளவு பேசினீர்களே, ஃபில்டரைத் திறந்து பார்த்தானா அந்தப் பையன்? மணலைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் தண்ணீர் நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும், மணல் வழியாகவே போகாது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மணல் சீக்கிரம் இறுகும். ஐந்தாறு வருடமானால் மாற்று. பிரஷர் மீட்டர் சுத்தமாக இருக்கும்போது எவ்வளவு காட்டியது என்று ஃபில்டர் மேலேயே எழுதி வை, அதைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ். பேக்வாஷ் குழாயில் இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை விடு, ஒரு நிமிஷத்தில் மூடிவிட்டு வந்து டீ குடிக்காதே.

அப்புறம் பிரஷ். ஏணிக்குப் பின்னால், படிக்கட்டு மூலை, லைட்டுக்குள், டைல்ஸ் இடுக்கு. தண்ணீர் ஓட்டம் போகாத இடம் எல்லாம். குளத்திலிருந்து வழியும் தண்ணீர் போய்ச் சேரும் பேலன்சிங் டேங்க் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கழுவியது எப்போது? மூடி போட்டிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, உள்ளே இறங்கினால் வழுக்கும்.

ஃபில்டர்ரூம்
ஐயா, இதற்கு மறுப்பே கிடையாது. பேலன்சிங் டேங்க் பற்றி நானே எழுத மறந்திருப்பேன்.

கோவை_நீச்சல்
ஐயா, பேலன்சிங் டேங்கைத் திறந்து பார்த்தோம், சுவர் முழுக்கச் சளி மாதிரி படிந்திருந்தது. கழுவியாயிற்று. மணல் மேல் அடுக்கு இறுகித்தான் இருக்கிறது, மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.

இடையில் இன்னொருவர் வந்து, தண்ணீரை எல்லாம் மாற்ற வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பாசி செத்துவிடும், குளோரின் வாசமும் இருக்காது என்கிறார். ஊற்றலாமா?

லேப்பெஞ்ச்
குளோரின் வாசம் நிச்சயம் இருக்காது, ஏனென்றால் குளோரினே இருக்காது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் உலகமே பார்த்தது இதைத்தான். மரியா லெங்க் நீச்சல் மையத்தில் ஆகஸ்ட் 9 அன்று டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையாகிவிட்டது, பக்கத்தில் இருந்த வாட்டர் போலோ குளமும் பின்னாலேயே பச்சைக்குத் திரும்பியது. முதலில் காரத்தன்மை குறைந்ததுதான் காரணம் என்றார்கள். அப்புறம்தான் ஆகஸ்ட் 5 அன்று ஒப்பந்ததாரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும், அது குளோரினைச் செயலிழக்க வைத்ததும் வெளியே வந்தது. வாட்டர் போலோ குளத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியதாயிற்று. திறந்தவெளி, வெயில், குளோரின் இல்லை: பாசிக்கு வேறென்ன வேண்டும்?

மூக்கில் ஏறும் அந்த வாசமும் குளோரின் அதிகம் என்பதற்கு அடையாளம் இல்லை. வேர்வை, சிறுநீரோடு சேர்ந்த குளோரமைன் வாசம் அது. உங்கள் மொத்தம் 3, சுதந்திரம் 2, நடுவில் இருக்கும் 1தான் அந்த வாசம். குளிக்காமல் யாரையும் இறங்க விடாதீர்கள், பாதி குறையும்.

துபாய்_டெக்னீஷியன்
ஹோட்டல் குளத்தில் வேலை. இங்கே கோடையில் குளத்துத் தண்ணீரையே சில்லர் வைத்துக் குளிர்விக்கிறோம், இல்லையென்றால் பாசியும் குளோரின் செலவும் கட்டுக்கடங்காது. தானியங்கி டோசிங் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஸ்டெபிலைசர் ஏறினால், குளோரினின் வீரியத்தைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் இறங்கும். பழைய எண்ணையே இலக்காக வைத்திருந்தால் பம்ப் குளோரினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மீட்டரை மட்டும் நம்பாமல் கையால் சோதியுங்கள்.

கோவை_நீச்சல்
முக்கால்வாசி மாற்றியாயிற்று, புது மணலும் போட்டாயிற்று. ஸ்டெபிலைசர் 45. ஆனால் காரத்தன்மை 250க்குப் போய்விட்டது, பி.எச். 8. குளோரின் போட்டவுடன் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது! பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

ஃபில்டர்ரூம்
டீ நிறம் போர் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகிவிட்டது. பாசி இல்லை. அழுக்கைத் திரட்டும் படிகாரம் அல்லது பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு) போட்டு, பம்பை நிறுத்தி ராத்திரி முழுக்கப் படியவிட்டு, காலையில் வேக்யூமை ஃபில்டர் வழியாக விடாமல் நேராக வெளியே தள்ளுங்கள். புது மணலில் ஏற்றாதீர்கள். முதலில் பி.எச்.சை 7.2 பக்கம் இறக்கிவிட்டுப் போட்டால் நன்றாகத் திரளும்.

காரத்தன்மை 250 என்றால் எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் பி.எச். மறுபடி மேலேயே வரும். லட்சம் லிட்டருக்குக் காரத்தன்மை 10 குறைக்க 32% ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 2 லிட்டர், உங்களுக்கு 6 லிட்டர். 120க்கு வர மொத்தம் 78 லிட்டர். ஒரே நாளில் ஊற்றிவிடாதீர்கள்! ஒரு தடவைக்கு 10, 12 லிட்டர், பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கம், ஆள் இல்லாத நேரத்தில். பி.எச். 7.2க்கு இறங்கும், தண்ணீர் கொட்டும் இடங்களை ஓடவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மறுபடி ஏறும், ஏறியதும் அடுத்த தடவை.

லேப்பெஞ்ச்
பி.எச்.சுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் 7.5இல் குளோரினில் பாதி வீரியமான வடிவத்தில் இருக்கும், 8இல் கால்வாசிதான். ஸ்டெபிலைசர் இருந்தால் இந்த வித்தியாசம் குறைவு. உங்களுக்கு முக்கியக் காரணம் சுண்ணாம்பு. கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் பி.எச்.சும் காரத்தன்மையும் ஏறினால் டைல்ஸில் வெள்ளையாகப் படியும், அந்தச் சொரசொரப்பில் பாசி வேர் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், அது இன்னும் சுண்ணாம்பைச் சேர்க்கும்.

கோவை_நீச்சல்
அப்படியானால் இனி எந்தக் குளோரின்? டி.சி.சி.ஏ. மூட்டை இரண்டு மிச்சம் இருக்கிறது.

ஃபில்டர்ரூம்
தினசரிக்குத் திரவ ஹைப்போ, சோடியம் ஹைப்போகுளோரைட். 10% சரக்கு என்றால் உங்கள் குளத்தில் 3 லிட்டருக்கு 1 பி.பி.எம். ஏறும், ஸ்டெபிலைசரும் சேராது, சுண்ணாம்பும் சேராது. சூரியன் சாய்ந்த பிறகு ஊற்றுங்கள். கேன்களை வெயிலில் அடுக்காதீர்கள், சூட்டில் வீரியம் இறங்கிவிடும். டி.சி.சி.ஏ.வை வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் ஸ்டெபிலைசர் 30க்குக் கீழே போனால் கொஞ்ச நாள் அதைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஷாக். 45இல் 40% என்றால் 18 பி.பி.எம்., பி.எச்.சை முதலிலேயே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். குளோரின் 10க்கு மேல் இருக்கும்வரை யாரையும் இறக்க வேண்டாம். அந்த அளவில் ரோஸ் கிட் நிறம் வெளுத்து ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டும், குளோரின் தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றாதீர்கள், மாதிரியை நீர்த்துச் சோதியுங்கள். ராத்திரி ஒரு அளவு, விடியற்காலையில் வெயில் படும் முன் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 1க்குள் இருந்து, சேர்ந்த குளோரின் (மொத்தத்தில் சுதந்திரம் போக மிச்சம்) 0.5க்குள் வந்து, அடித்தளம் தெளிவாகத் தெரிந்தால் முடிந்தது. அதுவரை விடக் கூடாது, பாதியில் நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வரும்.

துபாய்_டெக்னீஷியன்
இதைப் படித்துவிட்டு யாராவது விபரீதமாகச் செய்துவிடக் கூடாது என்பதற்காக: டி.சி.சி.ஏ.வும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று படக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே குவளையைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டுக்கும் தனித்தனி அறை இருந்தால் நல்லது. டோசிங் பம்ப் வைத்தால், பெரிய பம்ப் நின்றவுடன் அதுவும் நிற்கும்படி ஃப்ளோ சுவிட்ச் கட்டாயம். கரண்ட் போய் வந்து, குழாயில் தேங்கிய ஆசிட்டும் ஹைப்போவும் ஒன்றாகக் குளத்துக்குள் வந்தால் தண்ணீரில் இருக்கும் பிள்ளைகள் மூச்சுவிட முடியாது.

நாலாவதுமாடி
கரண்ட் பற்றிச் சொன்னதும் கேட்கிறேன், பில்லுக்காகப் பம்பை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஓட்டுகிறோம். போதுமா?

ஃபில்டர்ரூம்
போதாது சார். பொதுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் 6 மணி நேரத்துக்குள் ஒரு தடவை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். 3 லட்சம் லிட்டருக்கு மணிக்கு 50,000 லிட்டர். ஆள் இருக்கும் நேரம் முழுக்க ஓடட்டும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நடுராத்திரியில் பிடியுங்கள், பகலில் வேண்டாம்.

கோவை_நீச்சல்
தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆழப் பக்கத்தில் கிடக்கும் நாணயம் கரையிலிருந்து தெரிகிறது. ராத்திரி இழப்பு 0.5. தினமும் 6லிருந்து 9 லிட்டர் ஹைப்போ போகிறது, குளோரினை 4இல் வைத்திருக்கிறோம். மேற்குச் சுவர் நிழலில் மட்டும் மஞ்சள் தூசு மாதிரி ஒன்று, தேய்த்தால் புகை போலக் கலைந்து மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மண்ணா?

பழையகை
மண் என்றால் வேறு இடத்தில் போய்ப் படியும். அதே இடத்துக்குத் திரும்ப வந்தால் மஞ்சள் பாசி. பிரஷ், வேக்யூம் பைப், பிள்ளைகளின் மிதவைப் பலகை எல்லாவற்றையும் தண்ணீருக்குள் போட்டு மறுபடி ஒரு ஷாக் கொடு, அதிலிருந்துதான் திரும்பத் திரும்பத் தொற்றும். லைட்டைக் கழற்றிப் பின்னாலும் தேய்.